7.2-க்கும் 7.4-க்கும் நடுவே

தாய்மாமன் சீரில் வேட்டி, மோதிரம், பழத்தட்டு எல்லாம் போய் இப்போது ரிமோட் கார் வந்து நிற்கிறது. அக்காவின் சின்ன மகனுக்கு ஆறாவது பிறந்தநாளுக்கு நான் வாங்கித் தந்தது, உடம்பைவிடச் சக்கரம் பெரிதாக இருக்கும் ஒரு பச்சை வண்டி. நான்கு மாதம் ஓடியது. அதற்குள் அதனுடன் வந்த யுஎஸ்பி சார்ஜர் வயர் காணாமல் போனது. வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அதுவாகவே போய்விட்டதாம்.

பரணில் அவன் அண்ணனுடைய பழைய காரின் அடாப்டர் கிடந்தது. அதன் மேல் 7.2 வோல்ட், 250 மில்லிஆம்பியர் என்று போட்டிருந்தது. பச்சை வண்டியின் பேட்டரியில் 7.4 வோல்ட். புள்ளிக்குப் பின்னால் வரும் ஒரு ரெண்டுக்காக யார் கவலைப்படுவார்கள்? ப்ளக்கும் ‘க்ளிக்’கென்று அப்படியே பொருந்தியது. அது பொருந்தாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

சாப்பிட்டு, மேட்ச் பார்த்து, மூன்று மணி நேரம் கழித்துத் தொட்டபோது விரல் சுட்டது. வயரைப் பிடுங்கி, பேட்டரியைத் துணியால் பிடித்துக்கொண்டு பால்கனிக்கு ஓடித் துளசித் தொட்டி மண்ணில் போட்டேன். வெடிக்கவில்லை. அக்காதான் வெடித்தாள். “இது குழந்தை கையில இருந்திருந்தா என்னடா பண்ணியிருப்ப?”

இரண்டு நாள் ஆறவிட்டு, மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை மட்டும் பிளேடால் மெல்லக் கீறினேன். உள்ளே நீலத்தில் இரண்டு செல். பார்த்தால் பென்டார்ச் செல்லேதான். இரண்டையும் ஒரு மெல்லிய உலோகப் பட்டை இணைத்திருந்தது. அளவு மீறி சார்ஜ் ஏறினால் துண்டிக்கும் சின்னப் பச்சைப் பலகை இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளித்த பசை மட்டும் இருந்தது. செல்லின் மேல் 14500, 3.7 வோல்ட், 500 என்று மங்கிய எழுத்து.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் நான் ஏறிய மூன்றாவது கடையில் இருந்தவர் பேட்டரியைப் பார்க்கவே இல்லை. அடாப்டரைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது நிக்கல் சார்ஜர் சார். உங்க வண்டி லித்தியம்.”

“ப்ளக் ஒண்ணுதானே?”

“அதான் சார் வம்பே. ரெண்டுக்கும் ஒரே ப்ளக் போட்டு விடறான். வோல்ட்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. பத்துப் பேர்ல நாலு பேர் உங்கள மாதிரிதான் வராங்க.”

எனக்கு அன்று பேட்டரி வாங்கத் தோன்றவில்லை. ஏன் 7.2, ஏன் 7.4, யார் முடிவு செய்தது என்ற கேள்வியோடு வீடு திரும்பினேன். விடை கணக்கில் எளிது. நிக்கல் செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட், ஆறு செல் சேர்ந்தால் 7.2. லித்தியம் செல் ஒன்றுக்கு 3.7, இரண்டு சேர்ந்தால் 7.4. பக்கத்துப் பக்கத்து வீட்டு எண்கள் மாதிரி இருந்தாலும் இரண்டும் வேறு வேறு ஊர்க்காரர்கள்.

முதல் ஊர் ஸ்வீடன். வால்டெமார் யுங்னர் என்பவர் 1899-ல் நிக்கலையும் காட்மியத்தையும் வைத்துத் திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய செல்லைச் செய்தார். எடிசன் அதே காலத்தில் நிக்கலோடு இரும்பைச் சேர்த்துக்கொண்டிருந்தார்; இருவருக்கும் காப்புரிமைத் தகராறு. யுங்னர் கட்டிய தொழிற்சாலை 1905-ல் தீப்பிடித்து எரிந்தது. மாணவப் பருவத்தில் தீ எச்சரிக்கைக் கருவி ஒன்றைக் கண்டுபிடித்தவர் அவர் என்று படித்தபோது, துளசித் தொட்டி ஞாபகம் வந்தது.

அந்தப் பழைய செல்லில் சார்ஜ் ஏறும்போது வாயு கிளம்பும், அதற்கு வழி விட்டாக வேண்டும். 1947-ல் ஜெர்மானியர் கியோர்க் நாய்மன் அந்த வாயுவைச் செல்லுக்குள்ளேயே மீண்டும் வினைபுரிந்து சேர்ந்துபோக வைக்கும் முறையைக் கண்டார். பாட்டு ரெக்கார்டிங் செய்பவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும்; நாய்மன் மைக் என்கிறோமே, அவர்தான். அதன் பிறகுதான் செல்லை அடைத்து மூடி, எந்தப் பக்கமும் கவிழ்த்து வைக்க முடிந்தது. என் கதைக்கு முக்கியமான விஷயமும் இதில்தான் இருக்கிறது. இந்த ஏற்பாட்டால் நிக்கல் செல் கொஞ்சம் மிகைச் சார்ஜைச் சூடாக வெளியே தள்ளிவிட்டுத் தாங்கிக்கொள்ளும். எனவே அதன் மலிவுச் சார்ஜருக்கு எப்போது நிறுத்துவது என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. பரணில் இருந்த அடாப்டர் அந்த வம்சம்.

ஆறு செல் கணக்கு பொம்மைக்கு மட்டும் உரியதல்ல. 1961-ல் பிளாக் அண்ட் டெக்கர் வயரில்லாத டிரில்லிங் மெஷினைக் கொண்டுவந்தது, நிக்கல்-காட்மியம் செல்லில். நம் ஊர் ஆசாரிகளுக்குத் தெரிந்த மக்கிட்டா 1978-ல் விட்ட டிரில் 7.2 வோல்ட். இப்படிப்பட்ட கருவிகளுக்கென்று வந்த குட்டையான, தடித்த செல்லுக்கு சப்-சி என்று பெயர். ஜப்பானின் ஷிஸுவோகா நகரத்து டமியா கம்பெனி 1976-ல் போர்ஷ 934 ரிமோட் காரை விட்டது. மாடல் சரியாக வர வேண்டுமென்று அசல் போர்ஷ கார் ஒன்றையே வாங்கிக் கழற்றிப் பார்த்தவர்கள் அவர்கள். பின்னர் பொழுதுபோக்குக் கார்களுக்கு மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் ஆறு சப்-சி செல் அடுக்கிய 7.2 வோல்ட் கட்டுதான் வழக்கமானது. காரைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். அதன் சக்தி மட்டும் தச்சுப்பட்டறைச் சரக்கு.

ஆனால் இந்தச் செல்களில் இருந்த காட்மியம் நஞ்சு. ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில், மேலே இருந்த சுரங்கத்திலிருந்து ஆற்றில் கலந்த காட்மியம் வயல் வழியாக அரிசியில் ஏறி, எலும்பை நொறுக்கும் நோயாக வந்தது. அதற்கு ஊர் ஜனங்கள் வைத்த பெயர் ‘இத்தாய் இத்தாய்’: வலிக்குது, வலிக்குது. 1968-ல் அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது. 2006-ல் ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுப் பேட்டரிகளில் காட்மியத்தைத் தடுக்கச் சட்டம் போட்டது. இதற்குள் காட்மியத்தின் இடத்துக்கு நிக்கல்-ஹைட்ரைடு வந்துவிட்டது. அதற்கும் 1.2 வோல்ட்தான் என்பதால் பொம்மை உலகத்தில் யாருக்கும் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை.

இரண்டாவது ஊர்க்காரர் இதற்கெல்லாம் பிந்தியவர். 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழு, லித்தியம் செல்லின் நேர்முனைக்குக் கோபால்ட் ஆக்ஸைடு பொருந்தும் என்று கண்டுகொண்டது. 1985-ல் ஜப்பானில் அகிரா யோஷினோ, வெறும் லித்தியம் உலோகத்தை விட்டுவிட்டுக் கார்பனை வைத்துச் செல்லை அமைத்தார். அடுத்த வருடம் இரும்புக் கட்டியைச் செல்லின் மேல் போட்டு நசுக்கிப் பார்த்தார்கள். லித்தியம் உலோகம் வைத்தது வெடித்து எரிந்தது. அவருடையது நசுங்கியதோடு சரி. 1991-ல் சோனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கைக்கடக்கமான வீடியோ கேமராக்கள் பிடித்துக்கொண்டன. 2019-ல், லித்தியம் செல் ஆராய்ச்சியின் முன்னோடி ஸ்டான்லி விட்டிங்ஹாமோடு சேர்த்து மூவருக்கும் நோபல். குட்இனஃபுக்கு அப்போது வயது 97.

கேமராவிலும் லேப்டாப்பிலும் புழங்கி மலிந்த இந்தச் செல் பொம்மைக்கு வந்தது. இது நிக்கல் மாதிரி பொறுமைசாலி அல்ல. செல்லுக்கு 4.2 வோல்ட், இரண்டுக்கு 8.4 வந்ததும் நிறுத்தியே ஆக வேண்டும். நான் செய்ததைக் கணக்குப் போட்டேன். மணிக்கு 250 வீதம் மூன்று மணி நேரம், 750. பேட்டரி என்ற குடத்தின் கொள்ளளவோ 500 மில்லிஆம்பியர்-மணிதான்.

அடுத்த வாரம் அதே கடைக்குப் போனேன். இந்த முறை கேள்வி கேட்கத் தெரிந்திருந்தது. 14500 என்றால் 14 மில்லிமீட்டர் விட்டம், 50 மில்லிமீட்டர் நீளம். பென்டார்ச் செல் அளவு. ஆனால் அதன் இடத்தில் இதைப் போட்டால் 1.5-க்குப் பதில் 3.7 வோல்ட் வரும். கண்ணாடிப் பெட்டியில் இதே அளவில் 2800 என்று மினுமினுத்த ஒரு பேட்டரியைக் காட்டினேன். இந்த அளவுச் செல்லில் ஆயிரத்தைத் தொடுவதே பெரும்பாடு. “ஸ்டிக்கர் அடிக்கிறது ஈஸி சார்” என்று அவரே சிரித்தார், பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. நான் 500-ஐயே எடுத்தேன், பச்சைப் பலகை வைத்தது, அதற்கேற்ற 8.4 வோல்ட் சார்ஜரோடு. அவர் மல்டிமீட்டர் முனைகளை ப்ளக்கில் வைத்தார். திரையில் எண்ணுக்கு முன் ஒரு மைனஸ். சிவப்பு வயர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு. ஊசியால் இரண்டு பின்னையும் உருவி இடம் மாற்றிச் சொருகிக் கொடுத்தார், பேச்சை நிறுத்தாமலே. அப்படியே வீட்டில் மாட்டியிருந்தால் வண்டியின் சர்க்யூட் போயிருக்கும்.

இன்னொரு முறை இந்த வயதுப் பிள்ளைக்கு வாங்குவதானால் நான்கு பென்டார்ச் செல் போடும் வண்டியை வாங்கி, நிக்கல்-ஹைட்ரைடு செல்லும் அதற்கு நல்ல சார்ஜரும் போட்டுக் கொடுப்பேன். வேகம் குறையும். அக்கா நிம்மதியாகத் தூங்குவாள்.

புதுப் பேட்டரியில் வண்டி கட்டிலுக்கடியிலும் மாடிப்படியிலும் ஓடியது. மணி பார்த்தேன், பதினெட்டு நிமிடம். மோட்டார் ஒன்றரை ஆம்பியர் இழுத்தால் கணக்குப்படி இருபது. பரவாயில்லை என்று நிமிர்ந்தபோதுதான் அலமாரியில் மணல் டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்த பழைய பேட்டரியைக் காணவில்லை என்று தெரிந்தது.

“அதுவா மாமா? பாட்டி சொன்னாங்க, அவங்க வீட்ல ரேடியோ கட்டை தீர்ந்துபோனா வெயில்ல காயவெச்சா திரும்பப் பாடுமாம்.”

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில், வத்தலுக்குப் பக்கத்தில், உச்சி வெயிலில் இருந்தது.