சாத்திய கதவும் பூட்டிய கதவும்



கதவைச் சாத்துவது ஒரு செயல். தாழிடுவது மற்றொரு செயல். தாழ் சரியாக விழுந்ததா என்று கையால் தொட்டுப் பார்ப்பது மூன்றாவது செயல். இம்மூன்றையும் ஒன்றென எண்ணிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. வீட்டுக் கதவில் அதனால் பெருங்கேடு விளைவதில்லை. வானூர்தியில் விளையும்.

வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் அட்டையால் வானூர்தி மாதிரி செய்தார்கள். அதன் மூக்குப் பகுதியில் திறந்து மூடக்கூடிய சிறு கதவு ஒன்றும் வைக்க வேண்டும் என்று கூறியிருந்தேன். இதனைக் கேள்வியுற்ற பெற்றோர் ஒருவர், “டீச்சர், இது சோதனைக்கு வருமா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குரிய விடையைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

தானா ராத்தாவில் விமான நிலையம் இல்லை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வானூர்தி எதற்கு என்று சிலர் எண்ணலாம். கேரளத்தின் இடுக்கி மாவட்டமும் நம்மைப் போன்ற மலைத்தோட்ட நாடுதான். அங்கே தொடுபுழையைச் சேர்ந்த சஜி தாமஸ் செவிப்புலனும் பேச்சும் இல்லாதவர். பொறியியல் கல்லூரிக்குச் சென்றவரும் அல்லர். அவர் தம் கையாலேயே உருவாக்கிய இருவர் அமரும் சிறு வானூர்தி, 2014ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டத்து மணிமுத்தாறில் வானில் எழுந்தது! வீட்டிலேயே வானூர்தி செய்வோர் உலகின் பல நாடுகளில் இருக்கின்றனர்.

அத்தகைய வானூர்திகளுள் பலவற்றில் இயந்திரத்தை ஓர் உறை மூடியிருக்கும். அதனைப் பல திருகாணிகள் பிடித்திருக்கும். ஒவ்வொரு முறை பறக்குமுன்பும் எண்ணெய் அளவைப் பார்த்தாக வேண்டும். அதற்காக உறை முழுவதையும் கழற்ற இயலுமா? ஆகவே, உள்ளங்கை அளவில் ஒரு சிறு கதவு வைக்கிறார்கள். பார்ப்பதற்கு எளிய வேலை. செய்து பார்த்தால்தான் அதன் நுட்பம் புரியும்.

முதலாவது, கீல். எங்கள் வகுப்பில் ஒரு குழுவினர் உருண்டையான அட்டைக் குழாயில் கதவு வெட்டி, குழாயின் நீளவாக்கில் ஒட்டுநாடாவால் கீல் அமைத்தனர். கதவு அழகாகத் திறந்தது. மற்றொரு குழுவினர் குழாயின் வளைவின் மீது கீல் அமைத்தனர். “கதவு முரண்டு பிடிக்குது டீச்சர்!” என்றான் ஒரு மாணவன். கீல் ஒரே ஒரு நேர்க்கோட்டைச் சுற்றித்தான் சுழலும். வளைந்த கோட்டைச் சுற்றிச் சுழலாது. வடிவியல் பாடத்தில் சொல்லி விளங்காதது அட்டைக் குழாயில் விளங்கிற்று.

இரண்டாவது, காற்று. தட்டையான பெட்டி ஒன்றில் இரண்டு கதவுகள் வெட்டி, மின்விசிறியின் முன் வைத்தோம். முன் விளிம்பில் கீல் கொண்ட கதவைக் காற்று அழுத்தி மூடியது. பின் விளிம்பில் கீல் கொண்ட கதவைப் பிய்த்துத் திறந்தது. ஆகவே, முன்பக்கக் கீலே பாதுகாப்பு. ஆனால், உருண்டையான மூக்கில் முன் விளிம்பு வளைந்திருக்குமே! அங்கே நீளவாக்கில்தான் கீல் வைக்க வேண்டும். அப்போது காற்றின் துணை இல்லை. தாழ்ப்பாளை மட்டுமே நம்ப வேண்டும். ஒரு நன்மையைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுத்து, அந்தக் குறையை ஈடுசெய்வதே வடிவமைப்பு என்பதை மாணவர்கள் தாங்களே கண்டுகொண்டனர்.

மூன்றாவது, பூட்டு. பறக்கும்போது இயந்திரத்தைக் குளிர்விக்க உள்ளே புகும் காற்று கதவை வெளிப்புறமாகத் தள்ளும். மெல்லிய தகட்டை நடுவில் ஒரே தாழ்ப்பாள் பிடித்திருந்தால் மூலைகள் தூக்கிக்கொள்ளும். எனவே, இரண்டு தாழ்ப்பாள்கள் நலம். துளையிட்ட இடம் வலுவிழக்கும் என்பதால், விளிம்பைச் சுற்றி மற்றொரு தகட்டை வைத்து ரிவிட் அடிப்பார்கள். நீண்ட கீலின் நடுக்கம்பி அதிர்வினால் மெல்ல மெல்ல வெளியே நழுவக்கூடும். அதன் முனையை வளைத்தோ கம்பி கட்டியோ நிறுத்துவார்கள். கால் சுற்றில் பூட்டும் திருகாணியாயின், பூட்டிய நிலையைக் காட்டச் சிலர் வண்ணக்கோடு தீட்டி வைப்பர். கோடு நேராக இல்லையென்றால் பூட்டவில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

இவ்வளவு செய்தும் மனிதன் தவறலாம். 2013ஆம் ஆண்டு மே 24ஆம் நாள், லண்டன் ஹீத்ரோவிலிருந்து ஆஸ்லோவுக்குப் புறப்பட்டது பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஏர்பஸ் ஏ319 விமானம். எழும்பும்போதே அதன் இரண்டு இயந்திரங்களின் உறைக்கதவுகளும் பிய்ந்து பறந்தன. வலப்பக்க இயந்திரத்தில் எரிபொருள் குழாய் சேதமடைந்து தீப்பற்றியது. விமானம் ஹீத்ரோவுக்கே திரும்பியது. நல்வாய்ப்பாக, அதிலிருந்த 80 பேரும் உயிர் தப்பினர்.

காரணம் என்ன? முந்தைய இரவு பராமரிப்பின்போது கதவுகளைச் சாத்தினார்கள், தாழிடவில்லை. எண்ணெய் எடுத்துவரச் சென்ற பணியாளர்கள் திரும்பி வந்து நின்றது வேறொரு விமானத்தின் அருகில்! அதன் கதவுகள் தாழிடப்பட்டிருந்தன. யாரோ பூட்டிவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டனர். தாழ்ப்பாள்கள் இயந்திரத்தின் அடிப்பகுதியில் இருப்பவை. குனிந்து பார்த்தால்தான் தெரியும். காலையில் விமானத்தைச் சுற்றிப் பார்த்தவர்களின் கண்ணிலும் அது படவில்லை. பின்னர், தாழிட்டால் மட்டுமே வெளியே எடுக்கக்கூடிய சாவியும் அதில் தொங்கும் கொடியும் கொண்ட புதிய தாழ்ப்பாள் இவ்வகை விமானங்களுக்கு வந்தது. சாவி விமானியறைக்கு வந்து சேர்ந்தால், கதவு பூட்டியது உறுதி.

“யாரோ செய்திருப்பார்கள்” என்ற எண்ணம் விமானக் கூடத்தில் மட்டுமா இருக்கிறது? நான்காம் ஆண்டில் வேறு ஊரிலிருந்து மாறிவந்த மாணவன் ஒருவனை அறிவேன். அவனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியவில்லை. பள்ளியில் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வீடு நம்பியிருந்தது. வீட்டில் படிக்க வைக்கிறார்கள் என்று முன்பிருந்த பள்ளி நம்பியிருந்தது. பார்ப்பதற்குக் கதவு சாத்தித்தான் இருந்தது. தாழைத் தொட்டுப் பார்த்தவர் எவருமில்லை. ஓராண்டுக் காலம் நாள்தோறும் அரை மணி நேரம் உழைத்த பின்னரே அவனால் ஒரு பக்கத்தைத் தடையின்றி வாசிக்க முடிந்தது.

ஆகவே, அந்தப் பெற்றோருக்கு நான் கூறிய விடை இதுதான்: “சோதனைக்கு வராது, ஆனால், சரிபார்க்கும் பழக்கம் வரும்.” இப்போது எங்கள் வகுப்பில் “முடிந்தது” என்று சொல்லும் மாணவர், அருகிலிருப்பவரிடம் தம் வேலையைக் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். வீட்டுப்பாடத்திற்கும் இதே விதிதான்.

பெற்றோர்களே, இன்றிரவு பிள்ளையிடம் “படித்துவிட்டாயா?” என்று கேட்பதோடு நில்லாமல், ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஐந்து நிமிடம் போதும்.