துறையணைந்த தோணி

எங்கள் ஊராகிய நாரணாபுரத்தில் கடலும் இல்லை, கலமும் இல்லை. சிவகாசியை அடுத்த அக்கரிசல் நிலத்தில் பட்டாசும் தீப்பெட்டியுமே பலருக்குச் சோறிடுவன. என் தந்தையாரும் பட்டாசுத் தொழிலில் மருந்தறைப் பணியினர். வீட்டிலும் அவர் குவளையை ஓசையின்றி வைப்பார், கதவை மெல்லச் சாத்துவார், எதற்கும் விரையார். அதனை ஊக்கமின்மை என்று கருதி, நண்பர்முன் நான் நாணியதுண்டு. அக்கருத்து என்னை விட்டகன்ற வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

புறநானூற்றின் 30 ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளியின் நாட்டைப் புகழுமிடத்து, பாயைக் களையாமலும் பாரத்தைக் குறைக்காமலும் ஆற்றுமுகத்துட் புகும் பெருங்கலம் ஒன்றைக் காட்டுகின்றார். சென்ற ஆண்டுத் தேர்வில் இதனைப்பற்றி இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றேன். கலமொன்று துறைபுகுவதை நான் அதுகாறும் ஒருமுறையேனும் கண்டதில்லை!

என் அன்னை பிறந்த ஊர் தூத்துக்குடி. அவருடைய தமையனார் அங்கே தோணித் தண்டலாக இருக்கின்றார். தூத்துக்குடிக் கரையோரம் ஆழம் குறைந்தது. 1974 ஆம் ஆண்டில் புதிய ஆழ்கடற் றுறைமுகம் திறக்கப்படுமுன், பெருங்கப்பல்கள் சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, தோணிகளே சரக்கைக் கரைக்கும் கப்பலுக்குமாகச் சுமந்தன. இன்றும் பழைய துறைமுகத்திலிருந்து காய்கறியும் கட்டடப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குத் தோணிகள் செல்கின்றன. பாய் ஒன்றையே நம்பியிருந்த இம்மரக்கலங்களுக்குச் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் இயந்திரம் பொருத்தப்பட்டது.

கோடை விடுமுறையில் ஒருநாள், நங்கூரமிட்டிருந்த வெற்றுத் தோணியைத் துறைமேடைக்குக் கொணரும்போது மாமா என்னையும் உடனழைத்துச் சென்றார். "இயந்திரம் இருக்கையில் கரையணைதல் எளிதுதானே, மாமா?" என்றேன். அவர் நகைத்து, "மருமகனே, பேருந்துக்குப் பிரேக்கு உண்டு, தோணிக்கு ஏது? காற்றும் நீவாடுந்தான் நமக்குப் பிரேக்கு" என்றார். நீவாடு என்பது நீரோட்டத்திற்குக் கடற்புறத்தார் வழங்கும் பெயர்.

பின்னர் அவர் விளக்கியது இது. சுக்கானைக் கடந்து நீர் ஓடினாலன்றிச் சுக்கான் வேலை செய்யாது. மிக மெதுவாகச் சென்றால் தோணி சொற்கேளாது. விரைந்து சென்றால் மேடையில் மோதிப் பலகை பிளக்கும். ஆதலின் நீவாட்டை எதிர்த்து வரவேண்டும். அப்போது கரையிலிருந்து காண்போர்க்குத் தோணி நிற்பதுபோலத் தோன்றினும், சுக்கானைச் சுற்றி நீர் ஓடிக்கொண்டே இருக்கும். பாரம் ஏற்றிய தோணி ஆழ அமிழ்ந்து நீரோட்டத்திற்கு மிகுதியும் ஆட்படும். வெற்றுத் தோணியோ உயர்ந்து நின்று காற்றுக்கு இரையாகும். இயந்திரத்தைப் பின்னோக்கிச் சுழற்றினால் தோணியின் பின்புறம் ஒரு பக்கமாக ஒதுங்கும். எப்பக்கம் என்பதைத் தண்டல் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

அன்று கச்சான் காற்று கரையினின்று கடல்நோக்கி வீசிற்று. அணியமாகிய முன்புறத்தில் என்னை நிறுத்தி, கயிற்றைக் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையிற் கொடுத்து, "நான் சொல்லுமளவும் இழுத்துப் பிடியாதே, தளர விட்டுக்கொண்டே இரு" என்றார் மாமா. தோணி சாய்வாக மேடையை நெருங்கியது. கலாசி ஒருவர் மேடைமேற் குதித்துக் கயிற்றின் கண்ணியை இரும்புக் குற்றியில் மாட்டினார். காற்று நம்மைத் தள்ளிவிடுமே என்னும் அச்சத்தால், சொல்லுக்குக் காத்திராமல் நான் கயிற்றை இறுக்கினேன். ஓட்டம் அடங்காத தோணி திடுக்கென்று முன்புறம் மேடைமேற் பாய்ந்தது. பின்புறம் வெளியே சுழன்றது. கயிற்றுக்கும் குற்றிக்கும் இடையே கலாசியின் விரல்கள்! "விடு! விடு!" என்னும் குரல் கேட்டுக் கைவிட்டேன். அவர் நொடிப்பொழுதிற் கையை உருவிக்கொண்டார். இமைப்பொழுது தாழ்த்திருப்பின் அவ்விரல்கள் என்னாகியிருக்கும் என்பதை இன்றும் நினைக்கின்றேன்.

மாமா காற்றோடு போராடவில்லை. கண்ணியைக் கழற்றச் செய்து, காற்று தள்ளிய வழியே தோணியை விலகவிட்டு, வெளியே சென்று, வட்டமிட்டு மீண்டும் வந்தார். கயிற்றை வேறொருவரிடம் கொடுப்பார் என்று எண்ணித் தலைகுனிந்து நின்றேன். "நீயே பிடி" என்றார். மேடையில் நின்ற கலாசியும் சிவந்த விரல்களைத் தேய்த்தவாறே, நான் எறிந்த கயிற்றை அதே கையால் ஏற்றார். இம்முறை அணியத்துக் கயிற்றைப் பின்னோக்கிய குற்றியொன்றில் மாட்டச் செய்து, அது மெல்ல இறுகுமளவும் தளரவிட்டுப் பின் கட்டினோம். இயந்திரம் மிக மெதுவாக முன்னோக்கி ஓட, சுக்கானை மேடைக்கு எதிர்ப்புறமாகத் திருப்பினார் மாமா. கயிறு முன்புறத்தைப் பிடித்து நிறுத்த, சுக்கானில் மோதிய நீர் பின்புறத்தைக் கரைநோக்கித் தள்ளியது. கச்சான் வீசிக்கொண்டே இருக்க, தோணி மேடையோரப் பழைய டயர்களின்மேல் ஓசையின்றிச் சாய்ந்தது.

வன்மை மிகுதியும் உடையவனே வெல்வான் என்று எண்ணியிருந்தேன். அன்று இயந்திரத்தின் வன்மையிற் பெரும்பகுதி பயன்படாமலே கிடந்தது. பயன்பட்ட சிறுபகுதியும் காலமறிந்து பயன்பட்டது. ஒருவர் பதறினால் பிறர் கையன்றோ நசுங்குகிறது? மருந்தறையில் என் தந்தையார் நாள்தோறும் கடைப்பிடிப்பதும் இதுவே.

ஊர் திரும்பிய இரவு அவர் காப்பி அருந்திக் குவளையை ஓசையின்றி வைத்தார். கலாசியின் விரல்களைப்பற்றி அவரிடம் கூறினேன். அவர் தம் கைகளைச் சிறிது நேரம் நோக்கியிருந்து, "அந்தப் பிள்ளைக்கு இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.