வெட்டக்கூடாத சத்தம்

கச்சேரியைப் பதிவு செய்கிறவர்களுக்குக் கைதட்டல் பெரிய தலைவலி. பாட்டு மெல்லிசாக இருக்கும். கைதட்டல் இடிமாதிரி விழும். பாட்டுக்காகச் சத்தத்தைக் கூட்டினால் கைதட்டல் காதைப் பிளக்கும். அதுக்குப் பயந்து குறைத்தால் பாட்டு கேட்காது. இது சபாக்காரர்களின் கவலை மட்டுமல்ல. வெள்ளகோவில் பக்கம் எங்க வளவுக்கும் உண்டு.

என்ற அம்மாயி களைவெட்டில் பாடினவள், எழவுக்குப் பாடினவள். பண்ணயக்காரர் வீட்டு வாசலுக்கு வெளியே நின்னு மாரடிச்சுப் பாடினால் ஒரு வல்லம் சோளம் கிடைக்கும். தப்படிக்கிற எங்க ஆளுகளுக்கும் அதே கூலிதான். கைதட்ட யாருக்கும் தோணினதில்லை. 1994 ஏப்ரல் 14, அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள் ராத்திரி, வளவுத் திடலில்தான் அவளுக்கு முதல்முதலாகக் கைதட்டினார்கள். மைக்கைக் கண்டு கூச்சப்பட்டு எட்ட நின்னே பாடினாள். கூட்டத்து நடுவில் நாற்காலிமேல் வச்ச டேப் ரெக்கார்டரில் அது பதிவாச்சு. 1997இல் போய்ச் சேர்ந்துட்டாள். அவள் குரலுக்கு அந்தக் கேசட் ஒண்ணுதான் மிச்சம்.

அதில் குரல் மூழ்கி மூழ்கி எழும். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபெல் குறையும். தட்டின கைகள் பக்கத்தில், பாடினவள் தூரத்தில். போதாததுக்கு, அந்த மாதிரி ரெக்கார்டர் சத்தத்தை அளந்து தானே கூட்டிக் குறைக்கும். பெரிய கைதட்டல் விழுந்ததும் அளவைச் சடாரென்று இறக்கும். ஓய்ந்தபிறகு மெதுவாகத்தான் ஏற்றும். அதுக்குள்ள அடுத்த பாட்டின் முதலடி போயிடும்.

கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தந்த தம்பி சொன்னான்: "பாட்டு மட்டும் போதுமல்லங்க? இந்தக் கூப்பாட்டையெல்லாம் வெட்டிப்போடலாமுங்க." அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அது கூப்பாடா? ஆயுசு முழுக்கக் கிடைக்காத மரியாதை அல்லவா அது?

1956 ஜூலை 7 ராத்திரி அமெரிக்காவின் நியூபோர்ட் விழாவில் கறுப்பின இசைஞர் டியூக் எலிங்டனின் குழு வாசித்தது. பால் கொன்சால்வஸ் சாக்சபோனில் 27 சுற்று விடாமல் ஊத, கூட்டம் எழுந்து ஆடியது. அவர் ஊதினதோ கொலம்பியா கம்பெனியின் மைக்கில் அல்ல, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக்கில். கம்பெனி கணிசமான பகுதியை ஸ்டுடியோவில் மறுபடி வாசிக்கவைத்து, கைதட்டலை ஒட்டி இசைத்தட்டு போட்டது. வானொலி நாடா பிற்பாடு அகப்பட்டு, 1999இல்தான் அசல் கச்சேரி முழுசாக வெளிவந்தது. அங்கே வேறே கைதட்டலை ஒட்டினார்கள். இங்கே உள்ளதை வெட்டச் சொல்கிறார்கள்.

நானே உட்கார்ந்தேன். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். கைதட்டல் வருகிற இடத்தில் மட்டும் 8 டெசிபெல் இறக்கினேன். சரிவாக இறக்கிச் சரிவாக ஏற்றணும், வெடுக்கென்று செய்தால் காதுக்குத் தெரிந்துவிடும். அடுத்து, அமுங்கிப்போன முதலடிகளைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தூக்கினேன். அதோடு நாடாவின் இரைச்சலும் ஏறியது. ஏறட்டும். இப்போ அவள் குரல் முன்னால் நிற்கிறது, சனம் பின்னால் நிற்கிறது. ரெண்டும் கேட்கிறது.

உங்க வளவிலும் இப்படிக் கேசட் கிடக்கும். நாடாவில் பூஞ்சணம் ஏறுமுன்னே எடுத்துவிடுங்கள். மாற்றிக் கொடுக்கிறவரிடம், எதையும் வெட்டவேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.