இரு மாநிலங்கள், ஒரு கணக்கு

ஒப்பிட்டுப் பார்ப்பது மனித இயல்பு. ஆனால் எதை, எந்த அளவுகோலால் ஒப்பிடுகிறோம் என்பதில்தான் உண்மை அடங்கியிருக்கிறது. நம் தமிழ்நாட்டையும் மேற்கு வங்காளத்தையும் எடுத்துக்கொண்டு இதைச் சற்றே சிந்திக்க விழைகிறேன்.

இவ்விரண்டையும் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1961-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அன்றைய சென்னை மாநிலத்தில் 3 கோடியே 37 லட்சம் பேர். மேற்கு வங்காளத்தில் 3 கோடியே 49 லட்சம் பேர். இரண்டின் தலைநகரும் கிழக்கிந்தியக் கம்பெனி வளர்த்த துறைமுகப் பட்டினங்கள். வயதில் மூத்தது சென்னை. வசதியில் மூத்தது கல்கத்தா. வேலை தேடி அங்கே சென்ற தமிழர்கள் லேக் மார்க்கெட் பக்கம் குடியேறி வாழ்ந்தார்கள்.

பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2024-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 1960-61-இல் இந்தியாவின் மொத்த உற்பத்தியில் வங்காளத்தின் பங்கு 10.5 விழுக்காடு, நம் பங்கு 8.7. 2023-24-இல் வங்காளம் 5.6-க்கு இறங்கிவிட்டது, நாம் 8.9.

இதைக் காட்டியபோது வகுப்பு நண்பன் ஒருவன், "அறுபது வருஷத்தில் நாம் ஏறியது இவ்வளவுதானா?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். விடை வகுத்தலில் இருக்கிறது. 1961-இல் இந்தியரில் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பேர் நம்மவர். 2011-இல் ஆறு பேர். பங்கு குறையவில்லை, பங்கிட்டுக் கொள்வோர் விகிதம் குறைந்தது. ஆகவே, இந்தியரின் சராசரி வருமானத்தை 100 என்று கொண்டால், 2023-24-இல் தமிழரின் வருமானம் 171. வங்காளத்தவரின் வருமானமோ 127-லிருந்து 84-க்குச் சரிந்தது.

இந்தக் கணக்கை என் வீட்டிலேயே பார்க்கிறேன். அப்பாவுடன் பிறந்தவர்கள் ஆறு பேர்; ஒருவரும் கல்லூரிப் படி ஏறவில்லை. நாங்கள் பிள்ளைகள் இருவர்; இருவரும் படிக்கிறோம். பள்ளிக்கூடமும் மதிய உணவும் இல்லாமல் இது நடந்திருக்குமா? 1958-இல் திறக்கப்பட்ட கிண்டித் தொழிற்பேட்டையும், 1959-இல் தோன்றிய ஐ.ஐ.டி.யும் இந்த வளர்ச்சிக்கு ஊன்றிய வித்துகள்.

ஆயினும் நாம் மார்தட்டிக் கொள்ளுமுன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1947-இல் வங்காளம் பிளவுண்டபோது சணல் ஆலைகள் இந்தியாவிலும், சணல் விளையும் வயல்களில் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானிலும் நின்றன. அகதிகள் இலட்சக்கணக்கில் வந்தனர். 1950-களில் மத்திய அரசு எஃகுக்கு நாடெங்கும் ஒரே விலை என்று சரக்குக் கட்டணத்தைச் சமன் செய்தது. துர்காபூர் எஃகு பக்கத்திலுள்ள ஹௌராவுக்கு என்ன விலையோ, அதே விலைக்குக் கிண்டிக்கும் வந்தது. அருகிலிருப்பதால் அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஆதாயம் போயிற்று. தொலைவில் இருந்த நமக்கு அது உதவிற்று. 1990-களின் தொடக்கம்வரை இந்த ஏற்பாடு நீடித்தது. தொழிற் தகராறுகளும் ஆலைகளின் வெளியேற்றமும் சேர்ந்து வங்காளத்தை மேலும் தளர்த்தின.

மயிலாப்பூரில் மெட்ரோ ரயில் வேலை நடக்கும் இடத்தருகே, தேநீர்க் கடையில் ஓர் இளைஞரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஊர் முர்ஷிதாபாத் என்றார். என் வயதுதான் இருக்கும். எனக்கு வங்காளி தெரியாது. அவருக்கு அரைகுறைத் தமிழ் வந்தது. என்னைப் படிக்கிறேனா என்று கேட்டார், ஆம் என்றேன். "நல்லா படிங்க தம்பி" என்றார். அவர் என்னைவிடச் சோம்பேறியுமல்ல, அறிவு குறைந்தவருமல்ல. கையில் காப்புக் காய்த்திருந்தது.

நண்பர்களே, புள்ளிவிவரம் யார் முன்னே, யார் பின்னே என்று சொல்லும். யாருடைய சுமையை யார் சுமந்தார்கள் என்பதை நாம்தான் தேடிப் படிக்க வேண்டும். பள்ளியாலும் சட்டத்தாலும் உயர்ந்த மாநிலம், அவற்றைக் கவனியாது விட்டால் இறங்கவும் கூடும். தியாகராய நகரிலும் அடையாறிலும் எழும் மாடிகளைக் கட்டுகிறவரை "வடக்கத்தியான்" என்று ஏளனமாக அழைக்கும் வாய்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.