நந்திக்குக் கீழே

எங்கள் நைனா ஒருமுறை புதையல் தோண்டப் போனார்.

பள்ளிப்பட்டில் பாதி வீடுகளில் அப்பாவுக்கு நைனா என்றுதான் பெயர். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ், சண்டை வந்தால் இரண்டும். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணியோடு சேர்ந்து எங்கள் ஊரும் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. கோடு மாறியதே தவிர வீட்டுப் பேச்சு மாறவில்லை. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கரடு, அதன்மேல் பூசை நின்றுபோன ஒரு சிவன் கோயில். அங்கே இருக்கும் நந்திக்குக் கீழே ஒரு பானை இருப்பதாக மை போட்டுப் பார்க்கிறவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஐந்து பேர் கூட்டு. ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போட்டார்கள். எங்களிடம் இரண்டு பவர்லூம் தறி இருந்தது. நைனா ஒன்றை விற்றார்.

எனக்கு அப்போது எட்டு வயது. அமாவாசை ராத்திரி போனவர் விடிகாலையில் முழங்கால் வரை செம்மண்ணோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. பானையும் இல்லை, ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒற்றைத் தறிச் சத்தம்தான். விற்ற தறி இருந்த இடத்தில் அம்மா ரொம்ப வருஷம் எதையும் வைக்கவில்லை. ஒரு நெல் மூட்டைகூட. நைனா தினமும் அந்தக் காலி இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் தறிக்குப் போவார். புதையல் என்ற வார்த்தையை யாரும் எடுப்பதில்லை. டிவியில் அந்த மாதிரி காமெடி வந்தால்கூட அம்மா சேனலை மாற்றிவிடுவாள்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் தம்பி ஒரு செகண்ட் ஹேண்ட் பிஎஸ்4 வாங்கிக்கொண்டு வந்தான். கூடவே நாலு டிஸ்க். அதில் ஒன்று 'அன்சார்டட்: தி லாஸ்ட் லெகசி'.

"இது இந்தியாவுல நடக்குதாம்க்கா. புதையல் தேடுற கேம்."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நைனா கட்டிலில் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். நாட்டி டாக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் அன்சார்டட் வரிசையில் முதல் நான்கு பெரிய கேம்களுக்கும் நாயகன் நேத்தன் டிரேக். 2009-இல் வந்த இரண்டாவது கேமில் அவனோடு அறிமுகமானவள் குளோயி ஃபிரேசர். நான்காவது கேமுக்கு ஒரு இணைப்பாக யோசிக்கப்பட்ட கதை வளர்ந்து, 2017 ஆகஸ்டில் தனி கேமாகவே வந்தது. அதுதான் இது. டிரேக் இதில் கிடையாது. பாதி இந்தியப் பெண்ணான குளோயியும், முந்தைய கேமில் வில்லன் பக்கம் நின்ற நடீன் ராஸும், மேற்குத் தொடர்ச்சி மலையில் ஹொய்சாளர்கள் ஒளித்துவைத்த பிள்ளையாரின் தந்தத்தைத் தேடிப் போகிறார்கள்.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. காலேஜ் டூரில் ஹளேபீடு போயிருக்கிறேன். பஸ் நிற்கிற சின்ன ஊர், இளநீர்க் கடை, புல்தரை, நடுவில் மாக்கல்லில் செதுக்கிய கோயில். கிட்டே போய்ப் பார்த்தால் சிலையின் கழுத்துமாலைக்கும் மார்புக்கும் நடுவே வெளிச்சம் தெரியும், அவ்வளவு நுணுக்கம். கேமில் வரும் ஹளேபீட்டில் அருவி கொட்டுகிறது, மலை உயரத்துக்குச் சிலைகள் நிற்கின்றன. ஹொய்சாளர்களின் அழகே சின்னதில்தான் இருக்கிறது, இவர்கள் அதை ஊதிப் பெரிதாக்கிவிட்டார்கள். ஹொய்சாளர்கள் நமக்குத் தூரத்து ஆட்களும் இல்லை. சமயபுரம் பக்கத்துக் கண்ணனூரில் அவர்களுக்கு ஒரு தலைநகரம் இருந்தது. மூன்றாம் வல்லாளன் திருவண்ணாமலையில் இருந்து ஆண்டிருக்கிறான். ஆக, குளோயி கொஞ்சம் கிழக்கே வந்திருந்தால் எங்கள் பக்கமே வந்திருக்கலாம்.

தந்தம் எப்படி உடைந்தது என்று குளோயி நடீனுக்குச் சொல்கிற இடம் வந்தது. பரசுராமர் எறிந்த கோடாலி அப்பா சிவன் கொடுத்தது என்பதால், அதற்கு மரியாதை செய்து தந்தத்தைக் கொடுத்துவிடுகிறார் பிள்ளையார். தம்பி மொழிபெயர்த்துச் சொல்ல, அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"எவடி சொன்னா அவளுக்கு? கஜமுகாசுரனைக் கொல்றதுக்கு அவரே ஒடச்சிக்கினாரு."

"வியாசர் பாரதம் சொல்லச் சொல்ல எழுதுறதுக்கு ஒடச்சதுன்னு மிஸ்ஸு சொன்னாங்களே" என்றான் தம்பி. அரை மணி நேரம் கேம் நின்றுபோனது. அம்மா முறத்தோடு வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அவளும் பார்வையாளர்.

இந்தக் கேமில் என்னைப் பிடித்து வைத்தது துப்பாக்கிச் சண்டை இல்லை. சண்டை எனக்கு அலுப்பு. நூறு பேரைச் சுட்டுவிட்டு அடுத்த நிமிஷம் ஜோக் அடிக்கிறார்கள் என்பது இந்த வரிசை மேல் எப்போதும் இருக்கிற புகார், நியாயமான புகார். என்னைப் பிடித்தது நான்காவது அத்தியாயம். ஒரு ஜீப்பைக் கொடுத்து, பெரிய வெளியில் இறக்கிவிட்டு, எங்கே வேண்டுமானாலும் போ என்று விட்டுவிடுகிறார்கள். குளோயி தன் வரைபடத்தில் கையால் குறித்துக்கொள்கிறாள். சேற்றில் ஜீப் வழுக்குகிறது. பக்கத்தில் நடீன், ஆரம்பத்தில் எண்ணி எண்ணிப் பேசுகிறவள், மெதுவாக வாயைத் திறக்கிறாள். ஒரு பாறையிலிருந்து அடுத்ததுக்குத் தாவும்போது ஒருத்தி கையை இன்னொருத்தி பிடிக்கிறாள். அந்த வெளியில் சிதறிக் கிடக்கும் பழைய காசுகளை எல்லாம் சேர்த்தால் ஒரு மாணிக்கம் கிடைக்கும். அது கிடைத்தபின், பக்கத்தில் புதையல் இருந்தால் காட்டிக்கொடுக்கும். மை போடுகிறவர் எங்கள் நைனாவுக்கு விற்ற அதே சரக்கு! என்ன, இங்கே அது உண்மையிலேயே வேலை செய்கிறது. கேமுக்கும் எங்கள் கரட்டுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதானா என்று தோன்றியது. கேமில் தேடினால் கட்டாயம் கிடைக்கும். கிடைக்கும் என்று யாரோ முன்கூட்டியே வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் உறுத்தியது. பல நூறு வருஷம் நின்ற சுவர், குளோயி கை வைத்ததும் உடைகிறது. தூண் சரிகிறது, தரை இடிகிறது. முதலில் நானும் தம்பியும் "போச்சு, இதையும் ஒடச்சிட்டா" என்று சிரித்தோம். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

குளோயியின் அப்பா ஒரு தொல்லியலாளர். அந்தத் தந்தத்தைத் தேடியே வாழ்க்கையைக் கழித்து, கொள்ளைக்காரர்கள் கையில் செத்துப்போனவர். வீட்டைவிட அதை முக்கியமாக நினைத்த ஒரு மனிதர் மேல் அவளுக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் அவள் தேடுவதும் அதையேதான். அவள் அதைச் சொல்லும் இடத்தில் நான் கண்ட்ரோலரைக் கீழே வைத்தேன். பின்னால் கட்டிலில் நைனா எழுந்து உட்கார்ந்திருந்தார். எத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ.

"இவங்க எங்கியுமே தோண்ட மாட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல நைனா. சக்கரத்தைத் திருப்பினா கதவு தொறக்கும்."

"அப்ப கை காப்பு காய்க்காது."

அம்மா முறத்தை நிறுத்தினாள். எனக்கு வார்த்தை தானாக வந்துவிட்டது. "நீ ஏன் நைனா போன?"

அவர் டிவியைப் பார்த்தபடியேதான் பேசினார். "கெடைக்கும்னு முழுசா நம்பல. அஞ்சு பேரும் இருட்டுல மலை ஏறினோம். ஒருத்தன் வீட்லேருந்து புளிசோறு கட்டிக்கினு வந்தான். மேல ஒக்காந்து சாப்ட்டோம். கீழ ஊரு லைட்டு தெரிஞ்சிது. இந்தத் தறிச் சத்தம் இல்லாம அன்னிக்கித்தான் ஒரு ராத்திரி முழுக்க முழிச்சிருந்தேன்."

"அதுக்கு ஒரு தறியா?" என்றாள் அம்மா. இத்தனை வருஷம் கழித்து முதல்முறையாக. அவர் பதில் சொல்லவில்லை. அவளும் எழுந்து போகவில்லை.

கடைசியில் தந்தம் கிடைக்கிறது. குளோயியும் நடீனும் அதை விற்பதில்லை, இந்தியக் கலாச்சார அமைச்சகத்திடம் கொடுக்கப்போவதாகச் சொல்கிறார்கள். கூட இருப்பவன் அலறுகிறான். சட்டப்படி அதுதான் சரி. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். வெளியே நடப்பது வேறு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை 2008-இல் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் ஐம்பது லட்சம் டாலருக்கு வாங்கியது. 2014-இல்தான் திரும்பி வந்தார். குளோயியும் ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவள்தான். கேம் எழுதியவர்கள் இதை நினைத்து எழுதினார்களா தெரியாது, எனக்கு நினைவு வந்தது.

"கவர்மெண்டுக்குக் குடுத்துட்டாங்க நைனா" என்றேன்.

"ம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நாங்க அந்த நந்தியை நிமித்தி வெக்கல" என்றார். "பொரட்டிப் போட்டு அடியில தோண்டனோம். கழுத்துல கடப்பாரை பட்டுடிச்சி. விடியப் போவுதுன்னு அப்படியே வுட்டுட்டு எறங்கிட்டோம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரை வண்டியில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போனேன். கரடு நான் நினைத்திருந்ததைவிடச் சின்னது, இருபது நிமிஷத்தில் ஏறிவிட்டோம். நைனா இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். தாவுகிற மாதிரி பாறை ஒன்றும் இல்லை, ஆனாலும் ஒரு இடத்தில் கையை நீட்டினேன், பிடித்துக்கொண்டார்.

நந்தியை யாரோ நிமிர்த்தி வைத்திருந்தார்கள். கழுத்தைச் சுற்றி சிமெண்ட் பூச்சு, நெற்றியில் காய்ந்த மஞ்சள். லிங்கத்தைப் பார்க்க வேண்டிய முகம் மட்டும் கொஞ்சம் விலகி, நாங்கள் ஏறி வந்த பாதைப் பக்கம் திரும்பியிருந்தது. நைனா அதைத் திருப்பப் பார்த்தார். இரண்டு பேர் சேர்ந்து தள்ளியும் அசையவில்லை.

"அஞ்சு பேர் வேணும்" என்றார்.