பலகைச் சுவரும் சிமென்ட்டுச் சுவரும்

புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வீட்டுக்குப் பலகைச் சுவர், தகரக் கூரை. இஸ்தோப்பில் அப்பாவின் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். வானொலி 6 மின்னல் எஃப்எம் ஆவதற்கு முந்தைய காலம் அது. அந்த வீட்டுக்குத்தான் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் வாரக் கடைசிச் சந்தையில் வாங்கிய ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கரை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஐந்தங்குலக் கூம்பு, அதன் மேல் பட்டுக்குமிழ் ட்வீட்டர், முதுகில் காற்றுத்துளை. யாரோ கேட்டுத் தேய்ந்த பழசு.

தோட்டத்தை விட்டுத் தாமானில் மலிவு விலை வரிசை வீட்டுக்கு வந்தபோது அதே ஜோடி கூடவே வந்தது. ஒரே பெட்டியை இரண்டு வீட்டிலும் வருஷக்கணக்கில் கேட்டவன் நான். ஸ்பீக்கரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி, சுவரைப் பற்றித் தெரிந்ததுதான்.

பலகை வீட்டில் குரல் அவ்வளவு சுத்தமாக இருந்தது. பாஸ் மட்டும் மெலிவு. பெட்டி மட்டம் என்று நானே பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்: “தம்பி, உங்க வீட்டுல பாட்டு ஓடுது, மிருதங்கம் மட்டும் எங்க வீட்டுல வாசிக்குது.” அக்கா சொன்னது அப்படியே உண்மை. கட்டைச் சத்தத்தின் அலை பல அடி நீளம். மெல்லிய பலகை அதைத் திருப்பி அனுப்பாது. பலகையும் கூட ஆடி, பாதியை வெளியே விட்டுவிடும். காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, எழவேண்டியவர்கள் இருக்கும் லயத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல் பாட்டு கேட்பது எவ்வளவு பெரிய பாவம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

தாமான் வீட்டில் நேர்மாறு. “மூலையில வைடா, காலு இடிக்காது,” என்றார் அம்மா. வைத்தேன். கும்... கும்... என்று ஒரே சுருதியில் எல்லாப் பாட்டும் அடித்தது. மூலையில் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து கட்டைச் சத்தத்தைக் குவித்துத் தள்ளும். சிமென்ட்டில் அது வெளியேற வழியில்லை. எங்கள் ஹால் 12 அடிக்கு 10 அடி. அந்த அகலத்தில் அறையே ஏறக்குறைய 57 ஹெர்ட்ஸில் தானாக முழங்கும், நீளவாக்கில் 48 ஹெர்ட்ஸில். போதாக்குறைக்கு நாற்காலியும் பின்சுவரோடு ஒட்டியிருந்தது. முழக்கம் அதிகமாகக் கூடுகிற இடமே அதுதான். நாற்காலியை ஒன்றரை அடி முன்னால் இழுத்தேன். காசு செலவில்லாமல் பாதி நோய் போயிற்று.

அதற்காகப் பெட்டியைச் சுவரிலிருந்து கண்டபடி விலக்கினாலும் வம்பு. மூன்றடி தள்ளி வைத்துப் பார்த்தேன். சுவரில் பட்டுத் திரும்பும் அலை அரை அலை பிந்தி வந்து, ஏறக்குறைய 95 ஹெர்ட்ஸில் நேர் அலையைத் தின்றுவிடுகிறது. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ (1986) தொகுப்பைப் போட்டால் வயலின்கள் அப்படியே இருக்கின்றன, பாஸ் கித்தாரில் மட்டும் சில சுரங்கள் காணாமல் போகின்றன. பலகை வீட்டில் இந்தத் தொல்லை இருந்ததே இல்லை. திரும்பி வர அங்கே அலை ஏது?

இடம் பார்க்க நான் பயன்படுத்துவது பழைய மோனோ பாட்டு. ஆச்சரியப்படாதீர்கள். தமிழ்ப் படப்பாட்டு ஸ்டீரியோவுக்கு வந்ததே 1978இல் ‘பிரியா’ வந்தபோதுதான் என்பார்கள். அதற்கு முந்தைய பாட்டில் இரண்டு பெட்டிக்கும் ஒரே சத்தம்தான் போகும். ஆகவே குரல் இரண்டுக்கும் நட்டநடுவில், காற்றில் ஒரு புள்ளியில் நிற்கவேண்டும். எனக்கு அந்தப் புள்ளி மலேசியா வாசுதேவன். நம் ஊரிலிருந்து போன குரல் என்ற பாசம் ஒருபக்கம். அந்த அகலமான குரல் கொஞ்சம் நகர்ந்தாலும் காதுக்குப் பிடிபட்டுவிடும் என்பது இன்னொரு பக்கம். ‘16 வயதினிலே’ (1977) பாட்டில் அவர் இடப்பக்கம் சாய்ந்தால் இடப்பெட்டி கிட்டே இருக்கிறது, அல்லது வலப்பக்க ஜன்னல் திறந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கே நிற்கிறார் என்றே தெரியாமல் அறை முழுக்கப் பரவி, பாஸும் ஓடிப்போனால், ஒரு பெட்டியில் சிவப்பு, கறுப்பு ஒயரை மாற்றிச் சொருகியிருக்கிறீர்கள். நானே இரண்டு மாதம் அப்படிக் கேட்டு, ‘விசாலமான ஓசை’ என்று நண்பர்களிடம் பெருமையடித்திருக்கிறேன்.

உயரமும் இருக்கிறது. ட்வீட்டர் காதுக்கு நேராக வரவேண்டும் என்பார்கள். அது நாற்காலிக்காரர்கள் கணக்கு. பாய் விரித்து உட்காருகிற வீட்டில் அலமாரிப் பெட்டி தலைக்கு மேல் பாடும், தாளத்தின் சலங்கை மங்கிப்போகும். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன். ட்வீட்டர் கீழே இறங்கிற்று. பார்க்க அசிங்கம், கேட்க நன்றாக இருந்தது. புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது எடிஃபையர் ஆர்1280டி. ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கிறது, காற்றுத்துளை முன்பக்கம், முகம் 10 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்தது. மேசையில் வைத்தாலும் காதைப் பார்க்கும். நான்கங்குலக் கூம்புதான், ஆகவே தவிலின் இடியை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

பழசு வாங்கினால் முதலில் கூம்பின் விளிம்பை விரலால் தொட்டுப் பாருங்கள். பஞ்சு விளிம்பு நம் புழுக்கத்தில் சில வருஷத்தில் பொடியாக உதிரும். ரப்பர் விளிம்பு தாங்கும். பால் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவன் இதைச் சொல்லும்போது கொஞ்சம் சிரிப்பு வரும், அந்த ரப்பர் பெரும்பாலும் செயற்கை என்றாலும். பின்துளைக்கு ஒரு துண்டு வலைத்துணி ஒட்டுங்கள். ஒருமுறை பாஸ் திடீரென்று வறண்டுபோய், ஆம்ப்ளிஃபையரைத் திட்டித் தீர்த்த பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன். குளவி உள்ளே மண்கூடு கட்டியிருந்தது. இடி முழங்கும் சாயங்காலங்களில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

இப்போது என் பெட்டிகளின் முதுகுக்கும் சுவருக்கும் இடையே ஒன்றரைச் சாண். இரண்டுக்கும் நடுவே ஆறடி. முகங்கள் சற்றே உள்நோக்கித் திரும்பியிருக்கின்றன. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அம்மா கூட்டும்போது வாரத்துக்கு ஒருமுறை அழிந்துவிடும். மறுபடி வாசுதேவனைப் போட்டுத்தான் கோடு போடுகிறேன்.