நடைபாதையில் ஏறிய மிதிவண்டி

2013ஆம் ஆண்டு கொல்கத்தாக் காவல்துறை 174 சாலைகளில் மிதிவண்டிகளுக்குத் தடை விதித்தது. போக்குவரத்தின் வேகம் குறைகிறது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. தடை வந்தது என்பதற்காகப் பால்காரரும் செய்தித்தாள் போடுபவரும் பிழைப்பை நிறுத்திவிட முடியாது. சாலை மூடப்பட்டால் அவர்களுக்கு எஞ்சுவன சந்தும் நடைபாதையும்தான்.

நடப்பவரின் அச்சமும் மெய்யானதே. ஓசையின்றிப் பின்னால் வரும் மிதிவண்டி முதியவரையும் பார்வையற்றவரையும் வீழ்த்திவிடக்கூடும். முறிந்த இடுப்பெலும்புக்கு ஓட்டியவரின் வறுமை ஆறுதலாகாது.

நடைபாதையில் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்பது இந்தியச் சாலைப் பேரவையின் 2012ஆம் ஆண்டு நெறிமுறை. மின்மாற்றியும் நிறுத்திவைத்த பைக்குகளும் போகப் பல இடங்களில் அதில் பாதிகூட மிஞ்சுவதில்லை. அந்த மிச்சத்துக்காகவே இருவரும் மோதிக்கொள்கின்றனர். பக்கத்தில் கார்களுக்கு விடப்பட்ட அகலம் இவ்வழக்கில் சேர்க்கப்படுவதே இல்லை.

சாலையிடத்தை வாகனங்களுக்கன்றி மனிதர்களுக்குப் பகிர வேண்டும் என்றது 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை. ஏழாண்டுகள் கழித்து வந்த கொல்கத்தாத் தடை அதைத் தலைகீழாக்கியது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்துவது அரசமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கிய உரிமை என்று கூறியது. அவ்வுரிமையை நிலைநாட்ட, மிதிவண்டியை நடைபாதையிலிருந்து இறக்கத்தான் வேண்டும். ஆனால் இறங்குபவருக்குச் சாலையில் தனித்தடம் இருக்க வேண்டும். இல்லையெனில் அபராதம் கட்டிவிட்டு மறுநாளும் அவர் அங்கேயே ஏறுவார்.